கேமராவின் விலையில் எதை வாங்குகிறோம்?

தைப்பூசத்தன்று விடியற்காலை. கம்போங் மேடானில் இருந்து கிளம்பி, கம்போங் டத்தோ ஹருன் நிலையத்தில் கமூட்டர் இரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் மாறி, பத்துமலையில் இறங்குகிறீர்கள். அண்ணனிடம் இரவல் வாங்கிய சிறிய கேமரா கழுத்தில் தொங்குகிறது. உருமி மேளம் முழங்க ஒரு காவடி சுழன்று ஆடி வருகிறது. பத்து பதினைந்து படங்கள் எடுக்கிறீர்கள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரிகின்றன.

வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் ஏமாற்றம். காவடி கலங்கி இருக்கிறது. முகம் இரண்டாகத் தெரிகிறது. இருட்டான இடங்களில் மணலைத் தூவியதுபோல் புள்ளிகள். மறுநாள் நாளிதழில் அதே படிக்கட்டில் எடுத்த இன்னொரு படம் வருகிறது. அதில் மயிலிறகின் இழைகளைக்கூட எண்ணலாம். உங்கள் பக்கத்தில் நின்ற புகைப்படக்காரரின் கையில் பெரிய கறுப்புக் கேமரா இருந்தது நினைவுக்கு வருகிறது.

உடனே ஒரு முடிவுக்கு வருகிறோம்: "பெரிய கேமரா இருந்தால் நல்ல படம் வரும்." பள்ளி விடுமுறையில் வேலை செய்து சேர்த்த 2,000 வெள்ளி கையில் இருக்கிறது. மீதியை அப்பாவிடம் கேட்கலாமா, தவணையில் வாங்கலாமா என்று மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது.

கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேடுவோம். தொடக்கநிலை கேமராவுக்கும் தொழில்முறை கேமராவுக்கும் விலையில் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. அந்தக் கூடுதல் பணம் எதை வாங்கித் தருகிறது? விடை உங்கள் படிவம் 4 இயற்பியல் புத்தகத்தின் ஒளியியல் பாடத்திலேயே பாதி இருக்கிறது.

இரண்டு கேமராக்களை அருகருகே வைப்போம்

ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமானால் ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களை எடுத்துக்கொள்ள வேண்டும். கேனன் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட இ.ஓ.எஸ். 1500டி தொடக்கநிலை கேமரா. அதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட இ.ஓ.எஸ். 1டி எக்ஸ் மார்க் 3 முழுக்க முழுக்கத் தொழில்முறைக் கேமரா; லென்ஸ் இல்லாமல் உடல் மட்டும் 6,499 அமெரிக்க டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 26,000 வெள்ளி. 1500டி லென்ஸுடன் சேர்த்தே அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஒரு பார்வை:

• படப்புள்ளிகள் (மெகாபிக்சல்): 1500டி – 24.1, 1டி எக்ஸ் மார்க் 3 – 20.1
• உணரியின் அளவு: 22.3 × 14.9 மி.மீ.; 36 × 24 மி.மீ.
• ஒரு நொடியில் எடுக்கும் படங்கள்: 3, 16
• குவியப் புள்ளிகள்: 9, 191
• நினைவக அட்டை: ஒன்று, இரண்டு
• எடை: 475 கிராம், 1,440 கிராம்

முதல் வரியைத் திரும்பப் படியுங்கள். பத்து மடங்குக்கு மேல் விலையுள்ள கேமராவில் மெகாபிக்சல் குறைவு! அச்சுப்பிழை அல்ல. நிக்கோன் நிறுவனத்திலும் இதே கதைதான்: தொடக்கநிலை டி3500-இல் 24.2 மெகாபிக்சல், தொழில்முறை டி5-இல் 20.8. ஆக, கடைகளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டப்படும் மெகாபிக்சல் எண்ணுக்காக யாரும் அத்தனை பணம் கொடுப்பதில்லை.

உண்மையில் நமக்கு எத்தனை மெகாபிக்சல் தேவை? ஏ4 தாளில் மிகத் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும். 4கே தொலைக்காட்சித் திரை முழுவதையும் நிரப்ப 8.3 போதும். 24 மெகாபிக்சல் என்பது பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்குத் தேவைக்கும் அதிகம்.

அப்படியானால் பத்துமலையில் உங்கள் படத்தைக் கெடுத்தது எது?

படத்தின் மூலப்பொருள் ஒளி

கேமரா ஒளியைச் சேகரிக்கும் கருவி. லென்ஸ் வழியே வரும் ஒளி, உள்ளே இருக்கும் உணரியின் மீது விழுகிறது. உணரியில் கோடிக்கணக்கான நுண்ணிய குழிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியும் தன் மீது விழும் ஒளித்துகள்களை, அதாவது ஃபோட்டான்களை, மின்னேற்றமாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. அதிகம் சேர்ந்த குழி வெளிச்சமான புள்ளி. குறைவாகச் சேர்ந்த குழி இருண்ட புள்ளி.

நம் ஊர் மாலை மழையை வைத்து இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். தூறல் விழும் நேரத்தில் அடுக்குமாடியின் கீழே இரண்டு தேநீர்க் குவளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சில நொடிகளில் எடுத்துவிட்டால் ஒன்றில் 7 துளி, மற்றொன்றில் 13 துளி விழுந்திருக்கலாம். இரண்டின் மேலும் ஒரே மழைதான் பெய்தது; ஆனால் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. அதே குவளைகளை அரை மணி நேரம் கனமழையில் விட்டுவிட்டால் இரண்டிலும் தண்ணீர் கிட்டத்தட்ட சமமாக இருக்கும்.

ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. ஒரு புள்ளியில் சராசரியாக 100 ஃபோட்டான்கள் சேர்ந்தால், இயற்கையான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 10. இது 10 விழுக்காடு. 10,000 ஃபோட்டான்கள் சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 100. அது வெறும் 1 விழுக்காடு. ஒளி குறைந்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரிந்தது இந்த ஏற்ற இறக்கம்தான். இதை 'இரைச்சல்' என்கிறோம். ஒரே நிறமாக இருக்க வேண்டிய இருண்ட சுவரில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் ஒளித்துளிகள் கிடைத்திருக்கின்றன.

"ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கூடுமே?" என்று நீங்கள் கேட்கலாம். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுவதால் ஒரு ஃபோட்டான்கூட கூடுதலாக உள்ளே வருவதில்லை. கிடைத்த குறைந்த சமிக்ஞையைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கரகரக்கும் வானொலியில் ஒலியைக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து கரகரப்பும் கூடுவதைப் போல.

எனவே உண்மையான கேள்வி இதுதான்: அதிக ஒளியை உள்ளே கொண்டுவருவது எப்படி? வழிகள் மூன்று. கதவை நீண்ட நேரம் திறந்து வைக்கலாம். கதவையே பெரிதாக்கலாம். ஒளி விழும் தளத்தைப் பெரிதாக்கலாம்.

முதல் வழி: நேரம்

ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் ஒளி அதிகம் சேரும். அசையாத பொருளுக்கு இது அருமையான வழி. முக்காலியில் கேமராவை வைத்து இரட்டைக் கோபுரத்தை இரவில் எடுக்கும்போது பத்து நொடிகூடத் திறந்து வைக்கலாம். மலிவான கேமராவும் அங்கே பிரமாதமாக வேலை செய்யும்.

ஆனால் காவடி நிற்காது. காவடி எடுப்பவர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/25 நொடி திறந்திருந்தால் அதற்குள் அவர் 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். அதனால்தான் முகம் இரண்டானது. 1/250 நொடி என்றால் நகர்வு 4 மில்லிமீட்டர் மட்டுமே. படத்தில் கண்ணுக்குத் தெரியாது.

லென்ஸில் இருக்கும் 'அதிர்வு தடுப்பான்' இதற்கு உதவுமா? உதவாது. அது உங்கள் கை நடுங்குவதைச் சரிசெய்யும். எதிரே ஆடுபவரை நிறுத்திவைக்க அதற்குத் தெரியாது. இதை அறியாமல் அந்த வசதிக்காகவே கூடுதல் விலை கொடுத்து ஏமாறுவோர் பலர்.

இரண்டாவது வழி: லென்ஸின் திறப்பு

தொடக்கநிலை கேமராவோடு வழக்கமாகக் கிடைக்கும் லென்ஸ் 18–55 மி.மீ. வகை. அதில் 'எஃப்/3.5–5.6' என்று எழுதியிருக்கும். எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தூரத்தை ஒளி நுழையும் திறப்பின் விட்டத்தால் வகுத்து வரும் எண். ஆகவே எண் சிறிதானால் திறப்பு பெரிது.

இப்போது கணக்குப் போடுங்கள். 55 மி.மீ. குவியத் தூரத்தில் எஃப்/5.6 என்றால் திறப்பின் விட்டம் 55 ÷ 5.6 = 9.8 மி.மீ. உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அகலம். அந்தச் சின்னத் துளை வழியாகத்தான் விடியற்காலைப் பத்துமலையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள்!

இதற்கு மாற்றாக, 50 மி.மீ. எஃப்/1.8 என்று ஒரு சாதாரண லென்ஸ் இருக்கிறது. பெரிதாக்கிச் சிறிதாக்கும் வசதி அதில் கிடையாது; ஒரே குவியத் தூரம்தான். கேனனின் இப்படிப்பட்ட லென்ஸ் 2015-இல் ஏறக்குறைய 125 அமெரிக்க டாலருக்கு வெளிவந்தது. எடை 160 கிராம். இதன் திறப்பு 50 ÷ 1.8 = 27.8 மி.மீ. இன்றைய 50 சென் நாணயத்தைவிடப் பெரிய துளை.

ஒரே அளவு வெளிச்சத்தில் இரண்டு லென்ஸ்களும் உணரிக்கு அனுப்பும் ஒளியை ஒப்பிட, எஃப் எண்களை வகுத்து வர்க்கப்படுத்த வேண்டும்: 5.6 ÷ 1.8 = 3.11, அதன் வர்க்கம் 9.7. கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி! அதே ஐ.எஸ்.ஓ.வில் 1/25 நொடி தேவைப்பட்ட படத்தை இனி 1/250 நொடியிலேயே எடுத்துவிடலாம். கேமரா மாறவில்லை. மாறியது கையடக்க லென்ஸ் ஒன்றுதான்.

மூன்றாவது வழி: பெரிய உணரி

தொழில்முறைக் கேமராவின் உணரி 36 × 24 மி.மீ.; பரப்பு 864 சதுர மி.மீ. 1500டி-யின் உணரி ஏறக்குறைய 332 சதுர மி.மீ. பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் அது 100 சதுர மி.மீட்டருக்கும் குறைவு. மழையில் வைத்த தாம்பாளமும் குவளையும் போல, பரப்பு பெரிதாக இருந்தால் சேரும் ஒளியும் அதிகம்.

864-ஐ 332-ஆல் வகுத்தால் 2.6. அதாவது, எஃப் எண்ணையும் படத்தின் கோணத்தையும் மாற்றாமல் கேமராவை மட்டும் பெரிதாக்கினால் கிடைக்கும் ஒளி 2.6 மடங்கு. லென்ஸை மாற்றியதில் கிடைத்தது 9.7 மடங்கு. விலையையும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். எதை முதலில் வாங்க வேண்டும் என்பதற்கு வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. உங்கள் பக்கத்தில் நின்ற புகைப்படக்காரர் பெரிய உணரிக் கேமராவில் 70–200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸை மாட்டி, 80 மி.மீ. அளவில் எடுத்தார் என்று வைப்போம். உங்கள் சிறிய உணரிக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணமும் அதே கோணம்தான். அவருடைய லென்ஸின் திறப்பு 80 ÷ 2.8 = 28.6 மி.மீ. உங்களுடையது 27.8 மி.மீ. இருவரும் ஒரே காட்சியைக் கிட்டத்தட்ட ஒரே அளவுத் துளை வழியாகப் பார்க்கிறீர்கள். ஒரே ஷட்டர் வேகத்தில் இருவருக்கும் கிடைக்கும் மொத்த ஒளியும் ஏறக்குறைய சமம்.

அப்படியானால் அவர் ஏன் அத்தனை பணம் கொடுத்தார்?

நல்ல கேள்வி. அவர் ஏமாந்துவிடவில்லை. அவருடைய வேலைக்குத் தேவையானதை அவர் வாங்கியிருக்கிறார்.

முதலாவது, இடம். 50 மி.மீ. லென்ஸில் காவடியை நெருக்கமாக எடுக்க நீங்கள் அருகே போயாக வேண்டும். கூட்டத்தில் அது எப்போதும் முடியாது. அவர் நின்ற இடத்தில் நின்றபடியே 200 மி.மீ. வரை நெருங்கலாம், அதுவும் எஃப்/2.8 திறப்பை விடாமல். 200 ÷ 2.8 = 71 மி.மீ. ஒரு தேநீர்க் குவளையின் வாய் அளவுக்கு விட்டமுள்ள கண்ணாடி வேண்டும். அப்படிப்பட்ட பல கண்ணாடிகளைப் பிழையில்லாமல் தேய்த்து, ஒரே நேர்க்கோட்டில் அடுக்க வேண்டும். அந்த லென்ஸ் ஏன் ஒன்றரைக் கிலோ எடையும் பெரும் விலையும் கொண்டிருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

இரண்டாவது, வேகம். நொடிக்கு 3 படம் எடுத்தால் சுழலும் காவடியின் மூன்று நிலைகள் கிடைக்கும். 16 படம் எடுத்தால், கண் திறந்து முகம் ஒளியில் திரும்பிய அந்த ஒரு நிலை சிக்குவதற்கு வாய்ப்பு அதிகம். மெகாபிக்சல் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணமும் இதுதான். நொடிக்கு 16 படம், படத்துக்கு 2 கோடிப் புள்ளி என்றால் நொடிக்கு 32 கோடிப் புள்ளிகளை உணரியிலிருந்து படித்து, கணித்து, அட்டையில் எழுத வேண்டும். புள்ளிகளைக் கூட்டினால் வேகம் குறையும்.

மூன்றாவது, நம்பகம். கிள்ளானில் ஒரு திருமணத்துக்குப் படம் எடுக்கப் போனவரை நினைத்துப் பாருங்கள். தாலி கட்டும் நொடி திரும்ப வராது. அன்று நினைவக அட்டை பழுதானால் "இன்னொரு முறை கட்டுங்கள்" என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா? அதனால்தான் தொழில்முறைக் கேமராவில் இரண்டு அட்டைகள். ஒரே படம் இரண்டிலும் பதிவாகும். மழைத்துளியும் தூசியும் நுழையாதபடி இணைப்புகளில் தடுப்பு இருக்கும். உடல் மக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆனது.

நான்காவது, உழைப்பு. 1டி எக்ஸ் மார்க் 3-இன் ஷட்டர் 500,000 முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது. தொடக்கநிலை கேமராக்களில் 100,000 என்பது வழக்கமான அளவு. ஒரு திருமணத்துக்கு 2,000 படம் என்றால், 50 திருமணங்களிலேயே 100,000 ஆகிவிடும். ஆனால் நீங்கள் வாரத்துக்கு 100 படம் எடுத்தாலும் ஆண்டுக்கு 5,200 தான். 100,000-ஐத் தொட 19 ஆண்டுகள் ஆகும். அதற்குள் உங்கள் பிள்ளைகளையே படம் எடுக்கத் தொடங்கியிருப்பீர்கள்!

ஆக, தொழில்முறைக் கேமராவின் விலையில் பெரும்பகுதி 'அழகான படம்' என்பதற்காகக் கொடுப்பது அல்ல. எந்தச் சூழலிலும், எந்த நேரத்திலும், தவறாமல் ஒரு படம் கிடைக்கும் என்ற காப்புறுதிக்காகக் கொடுப்பது. அந்தப் படத்தை நம்பிச் சம்பளமும் பெயரும் இருப்பவருக்கு அது தேவை. பொழுதுபோக்குக் கலைஞருக்கு, தவறிய படம் ஒரு பாடம். அடுத்த ஆண்டும் தைப்பூசம் வரும்.

வேறுபாடு தெரியாத இடங்கள்

நண்பகல் வெயிலில் பத்துமலை முருகன் சிலையை எடுங்கள். 42.7 மீட்டர் உயரச் சிலை அசைவதில்லை, வெளிச்சத்துக்கும் பஞ்சமில்லை. எஃப்/8 திறப்பு, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/400 நொடி. இரண்டு கேமராக்களிலும் எடுத்து ஏ4 தாளில் அச்சிட்டு வகுப்பில் காட்டினால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்வது எவருக்கும் கடினம். நல்ல கைத்தொலைபேசிப் படமும் அங்கே சளைக்காது.

சிறிய உணரி முந்திக்கொள்ளும் இடமும் ஒன்று உண்டு. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் பறவைகளை எடுக்கப் போகிறீர்கள். 300 மி.மீ. லென்ஸை 1500டி-யில் மாட்டினால், பெரிய உணரிக் கேமராவில் 480 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்குப் பறவை சட்டத்தை நிரப்பும். சிறிய உணரி காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதே காரணம். தொலைவில் இருக்கும் கொக்குக்காக 480 மி.மீ. லென்ஸைச் சுமக்க வேண்டியதில்லை.

கயிறு கட்டிய கேமரா

கருவியைப் புரிந்துகொண்டவர் அதை எப்படிப் பயன்படுத்துவார் என்பதற்கு நம்மவர் ஒருவரே சான்று. மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழ் நாவல் முன்னோடிகளில் ஒருவரான அ. மாதவையாவின் மகன். இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முன்னோடி. 1950 முதல் தம் இறுதிக் காலம் வரை 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதியவர். பத்மஸ்ரீ விருது பெற்றார்.

யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. அவர் கேமராவோ எந்தக் கடையிலும் கிடைக்காதது! ஒரு நிறுவனத்தின் கேமரா உடல், வேறொரு நிறுவனத்தின் டெலிஃபோட்டோ லென்ஸ், இன்னும் பல பாகங்கள் என்று தாமே ஒட்டிச் சேர்த்த கலவைக் கருவி. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர். பாகங்களைக் கட்ட அதில் கயிறுகூட இருந்திருக்கும் என்று அவரை அறிந்த இயற்கையாளர் ஈ.ஆர்.சி. டேவிதார் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

இதிலிருந்து "கருவி முக்கியமே இல்லை" என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். கருவி கிருஷ்ணனுக்கு முக்கியம். அதனால்தான் தமக்கு வேண்டியதைத் தாமே இணைத்துக்கொண்டார். எந்தப் பாகம் எந்த வேலையைச் செய்கிறது, தம் படத்துக்கு எது தேவை, எது தேவையில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யானை அடுத்து என்ன செய்யும் என்பதும் தெரிந்திருந்தது. விலைப்பட்டியலில் கிடைக்காத அறிவு அது.

உங்கள் 2,000 வெள்ளி

இப்போது உங்கள் சேமிப்புக்கு வருவோம். இன்று கண்ணாடியில்லாக் கேமராக்கள் பழைய வகைகளின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனாலும் மேலே சொன்ன கணக்கு மாறவில்லை. கேனனின் புதிய தொடக்கநிலை ஆர்50, உச்சநிலை ஆர்1 இரண்டிலுமே 24.2 மெகாபிக்சல்தான்.

பழைய வகைக்குப் பலர் விடைகொடுப்பதால், பயன்படுத்திய தொடக்கநிலை கேமராக்கள் நல்ல நிலையில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது இரண்டைச் சோதியுங்கள். ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். லென்ஸுக்குள் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்காதீர்கள்.

பூஞ்சை நம் நாட்டில் கேமராவின் முதல் எதிரி. கோலாலம்பூர் வட்டாரத்தின் ஈரப்பதம் பெரும்பாலான நேரம் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. 26,000 வெள்ளிக் கேமராவின் லென்ஸையும் பூஞ்சை விட்டுவைக்காது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உணவுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி வைத்தால் போதும். ஈரமானி ஒன்றையும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். கேமராவைத் தோல் பையிலேயே பூட்டி அலமாரியில் வைப்பதுதான் மிகப் பெரிய தவறு.

எனவே வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஒரு தொடக்கநிலை கேமரா, அடுத்து 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், பிறகு உபரி மின்கலமும் ஈரம் தடுக்கும் பெட்டியும். மீதிப் பணம் இருந்தால் இரயில் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கப் போகாத கேமரா எவ்வளவு விலையாக இருந்தால் என்ன?

அதன்பின், எப்போது பெரிய கேமரா தேவைப்படும்? "என் கேமரா இந்த இடத்தில் இந்தக் காரணத்தால் தோற்கிறது" என்று உங்களால் துல்லியமாகச் சொல்ல முடியும்போது. "படம் நன்றாக வரவில்லை" என்பது காரணம் அல்ல. "உள்ளரங்கப் பூப்பந்தாட்டத்தில் எஃப்/1.8 வைத்தும் 1/500 நொடி கிடைக்கவில்லை" என்பது காரணம்.

செய்து பாருங்கள்

கேமரா வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். கைத்தொலைபேசியின் கேமராவில் 'புரோ' முறை இருந்தால் இன்றே செய்யலாம்.

1. குழாயைத் திறந்துவிட்டு, விழும் நீரை 1/30 நொடியிலும் 1/500 நொடியிலும் எடுங்கள். ஒன்றில் நீர் பட்டுநூல்போல் தெரியும். மற்றொன்றில் துளித்துளியாக நிற்கும். காவடிக்கு எந்த வேகம் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

2. மாலையில் விளக்கைப் போடாமல் ஒரு வெள்ளைச் சுவரை ஐ.எஸ்.ஓ. 100-இலும் 3200-இலும் எடுங்கள். தொலைபேசி அசையாமல் இருக்கப் புத்தகங்களின் மேல் சாய்த்து வையுங்கள். இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒரே அளவில் தெரியுமாறு ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 3200 படத்துக்கு 32-இல் ஒரு பங்கு ஒளிதான் கிடைத்தது. மணல் எங்கிருந்து வந்தது என்பது கண்ணெதிரே விளங்கும்.

3. அதே சுவர், அதே ஐ.எஸ்.ஓ. 3200. இம்முறை சன்னலைத் திறந்து வெளிச்சம் விடுங்கள். வெளிச்சத்துக்கு ஏற்ப ஐ.எஸ்.ஓ.வை எவ்வளவு குறைக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனையில் நீங்கள் செய்தது என்ன? ஒரு காசும் செலவழிக்காமல் உங்கள் கேமராவை மேம்படுத்தினீர்கள். அடுத்த தைப்பூசத்தில் அந்தப் படிக்கட்டில் நிற்கும்போது, முதலில் ஒளி எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று பாருங்கள். காவடி அந்த ஒளிக்குள் வந்து திரும்பும் வரை காத்திருங்கள். பிறகு அழுத்துங்கள்.